கட்டைவிரலால் கழற்றலாம், காற்றில் கழலாது

புதிதாக 450 ரக மாடல் ஹெலிகாப்டர் வாங்கிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சார், இந்த பால் லிங்க்கைக் கட்டைவிரலால் நெம்பினாலே டக்கென்று கழன்று வந்துவிடுகிறது. இதை நம்பி எப்படிப் பறக்கவிடுகிறீர்கள்?”

நியாயமான பயம்தான். பால் லிங்க் என்பது, கம்பியின் முனையிலுள்ள பிளாஸ்டிக் வளையம் ஓர் உலோகப் பந்தைக் கவ்விக்கொள்ளும் குட்டி மூட்டு. 70 சென்டிமீட்டர் விட்டத்துக்கு ஒரு சுழலி, நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்று. அதன் கட்டுப்பாடு முழுவதும் சுண்டைக்காய் அளவுகூட இல்லாத சில பிளாஸ்டிக் வளையங்களின் வழியாகத்தான் போகிறது. ஆனால் கட்டைவிரலுக்கு உடனே விட்டுக்கொடுக்கும் அந்த மூட்டு, பறக்கும்போது ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பதில் ஓர் அழகான இயற்பியல் இருக்கிறது.

முதலில் அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். ஹெலிகாப்டர் ஏறுவதும் இறங்குவதும் சாய்வதும் சுழலியின் வேகத்தை மாற்றி அல்ல, இறக்கைகளின் கோணத்தை மாற்றித்தான். சுழலிக்கு அடியில் ஸ்வாஷ்பிளேட் என்ற இரட்டை வளையம் இருக்கும். கீழ் வளையம் சுழலாது, மேல் வளையம் சுழலும். மூன்று சர்வோக்கள் (கட்டளைக்கேற்பத் தன் கையை நகர்த்தும் குட்டி மோட்டார்கள்) கீழ் வளையத்தைத் தூக்கும், இறக்கும், சாய்க்கும். மேல் வளையத்திலிருந்து கிளம்பும் குட்டிக் கம்பிகள் அந்த அசைவை இறக்கைகளுக்குக் கொண்டுபோகும். தட்டு சாய்ந்திருந்தால் ஒவ்வொரு இறக்கையின் கோணமும் ஒரு சுற்றுக்குள் ஒருமுறை கூடிக் குறையும். நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல். ஐந்து நிமிடம் பறந்தால் 12,500 தடவை.

நாலு மோட்டார் டிரோனில் இதெல்லாம் கிடையாது, மோட்டார் வேகத்தை மாற்றினால் போதும். அதனால்தானோ என்னவோ, கல்லூரி புராஜெக்டுக்குக் கிடைக்கும் பணமெல்லாம் இப்போது டிரோனுக்கே போகிறது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சுழலி பெரிதாக ஆக அதன் வேகத்தைச் சட்டென்று மாற்ற முடியாது, கோணத்தைத்தான் மாற்றியாக வேண்டும். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் எழும்பிய 1.8 கிலோ இன்ஜெனுயிட்டியிலும் ஸ்வாஷ்பிளேட்தான் இருந்தது. அதைக் கையில் பிரித்துப் பார்க்காமலே ஒரு மாணவர் விமானப் பொறியியல் முடித்து வெளியே வருவது சரியாகப் படவில்லை.

சரி, மூட்டுக்கு வருவோம். சர்வோவின் கை ஒரே தளத்தில் வில் போல நகரும். ஸ்வாஷ்பிளேட்டோ எல்லாப் பக்கமும் சாயும். இரண்டையும் கதவுக் கீல் மாதிரியான மூட்டால் இணைத்தால் முதல் சாய்விலேயே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் இடுப்பில் இருப்பதுபோல ஒரு பந்துக் கிண்ண மூட்டு. பந்து உலோகம், அதைச் சுற்றிய வளையம் நைலான் போன்ற பிளாஸ்டிக்.

வளையத்தின் வாய் பந்தின் விட்டத்தைவிடக் கொஞ்சம் குறுகலானது. வளையல் போட்டுக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். விரல்முட்டியைத் தாண்டும்வரைதான் போராட்டம். தாண்டிவிட்டால் மணிக்கட்டில் சுகமாகச் சுழலும், தானாகக் கழலாது. அங்கே கை நெளிந்து கொடுக்கிறது, இங்கே வளையம் விரிந்து கொடுக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரு முனையிலும் தடையின்றித் திரும்பும் மூட்டு உள்ள ஒரு கம்பியால், தன் நீளவாக்கில் மட்டுமே தள்ளவோ இழுக்கவோ முடியும். பக்கவாட்டில் தள்ளினால் அது திரும்பிக்கொள்ளுமே தவிர விசையைக் கடத்தாது. கல்லூரியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்து மறந்திருந்தேன். முதல் ஹெலிகாப்டரைப் பூட்டியபோதுதான் உறைத்தது. வளையம் கம்பியின் நீளவாக்கிலேயே படுத்திருப்பதால், பறக்கும்போது வரும் விசை முழுவதும் வளையத்தின் தடித்த சுவரில்தான் விழுகிறது. குறுகலான வாய்க்கு அங்கே வேலையே இல்லை. நம் கட்டைவிரல் மட்டும்தான் அந்த வாய் இருக்கும் திசையில், குறுக்காகத் தள்ளுகிறது.

கம்பி சாய்வாக இருந்தால் விசையில் ஒரு பங்கு வாய்ப் பக்கம் போய் மூட்டைக் கழற்றிவிடும் என்று பல நாள் நினைத்திருந்தேன். தவறு. கம்பி சாயும்போது வளையமும் கூடவே சாய்கிறது, விசை அப்போதும் சுவரில்தான். ஆபத்து வேறு இடத்தில். சாய்வு அதிகமானால் வளையத்தின் விளிம்பு பந்தின் கழுத்திலோ அடித்தட்டிலோ முட்டும். முட்டிய இடம் நெம்புகோலின் தாங்குபுள்ளியாகிவிடும். கட்டைவிரல் செய்த வேலையை இப்போது சர்வோ செய்யும். எனவே பந்து வாங்கும்போது விட்டத்தோடு கழுத்தின் நீளத்தையும் பாருங்கள். இரு முனைப் பந்துகளும் ஒரே தளத்தில் வந்து கம்பி நேராக நிற்கவேண்டும். பூட்டியபின் ரிமோட்டின் குச்சியை எல்லா மூலைக்கும் தள்ளி, எங்காவது முட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விட்டத்திலும் ஏமாறலாம்: கடையில் 4.8 மி.மீ. பந்தும் கிடைக்கும், 5 மி.மீ. பந்தும் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், மாற்றிப் போட்டால் ஒன்று ஆடும், மற்றது இறுகும்.

சுழலும் பகுதியில் உள்ள இணைப்புகளுக்கு இன்னொரு சோதனை. அச்சிலிருந்து 20 மி.மீ. தூரத்தில், 2,500 சுற்றில், மையவிலக்கு முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 140 மடங்கு. ஒரு கிராம் எடையுள்ள கம்பி 140 கிராம் எடையோடு வெளிப்பக்கம் இழுபடும். ஸ்வாஷ்பிளேட்டின் மேல் வளையத்திலுள்ள பந்துகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இழுப்பு சரியாக வாய்த் திசையில்தான்! நல்ல நிலையிலுள்ள வளையம் இதைப் பொருட்படுத்தாது, கழற்றுவதற்கு நம் விரல் தரும் அழுத்தம் இதைவிடப் பல மடங்கு. ஆனால் பத்திருபது முறை கழற்றி மாட்டித் தேய்ந்த வளையத்தை அந்த இடத்தில் மட்டும் விட்டுவைக்காதீர்கள்.

பல வளையங்களின் ஒரு முகத்தில் ஓர் எழுத்தோ குறியோ இருக்கும். பந்து நுழைவதற்காக ஒரு வாயைச் சற்று அகலமாகவும், பிடித்துக்கொள்வதற்காக மறுவாயைக் குறுகலாகவும் வார்த்திருப்பார்கள். பெரும்பாலும் எழுத்து நமக்குத் தெரியும்படி வெளிப்பக்கம் இருக்கவேண்டும். கையேட்டில் போட்டிருக்கும், படியுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் பறத்தலுக்கு முன் ஹெலிகாப்டரைச் சுற்றி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். கையேட்டை மட்டும் பிரிக்கவே இல்லை. சர்வோ பக்கத்து வளையம் ஒன்று திருப்பிப் போடப்பட்டிருந்தது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம்கூடப் போகவில்லை.

இந்த ஒருபக்க வாயால் வேறொரு சங்கடமும் உண்டு. கம்பியின் நீளத்தை மாற்ற வளையத்தைத் திருகும்போது அரைச் சுற்றில் நிறுத்த முடியாது, எழுத்து உள்ளே போய்விடும். முழுச் சுற்றுதான். பள்ளியில் திருகு அளவியில் படித்த புரியிடைத் தூரம் ஞாபகம் இருக்கிறதா? 2 மி.மீ. மரைக்கு அது 0.4 மி.மீ. இறக்கையைத் திருப்பும் கை 20 மி.மீ. நீளம் என்றால், ஒரு சுற்றுக்கு 1.1 டிகிரிக்கு மேல் மாறும். ஒரே இடத்தில் மிதக்க இறக்கைக்கு ஐந்தாறு டிகிரி போதும் என்னும்போது இது பெரிய தாவல். இரண்டு இறக்கையும் ஒரே தளத்தில் சுற்றவேண்டும் என்று சரிசெய்ய உட்கார்ந்தவருக்குத் தெரியும் அந்த எரிச்சல். கம்பியின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை வெட்டிய டர்ன்பக்கிள் வகையில், வளையத்தைக் கழற்றாமலே கம்பியை மட்டும் சுழற்றி எவ்வளவு நுணுக்கமாகவும் மாற்றலாம். அதை யோசித்தவர் கையில் முத்தமிடலாம்.

கடைசியாக, இறுக்கம். நாலு மூட்டில் தலா 0.05 மி.மீ. ஆட்டம் இருந்தாலே, அதே 20 மி.மீ. கையில் அரை டிகிரிக்கு மேல் இறக்கை சொன்னபேச்சு கேட்காது. சரி, இறுக்கமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் அதுவும் ஆகாது. நிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரிது. சர்வோ மெல்லத் தள்ளும், மூட்டு அசையாது, கம்பி லேசாக வளையும், அப்புறம் திடீரென்று விடுபட்டுத் தாண்டிப் போகும். எண்ணெய் காணாத கதவின் கிறீச் சத்தமும் இதே கதைதான். வால் பக்கத்து இணைப்பில் இது இருந்தால் வாலை நிலையாகப் பிடிக்கும் ஜைரோ கருவி திருத்தித் திருத்தியே வால் ஆட ஆரம்பிக்கும்.

நான் பார்க்கும் சோதனை எளியது. ஒரு முனையைக் கழற்றிவிட்டுக் கம்பியைக் கிடைமட்டமாகத் தூக்கி விடுவேன். தன் எடையிலேயே தொபுக்கென்று விழவேண்டும், ஆனால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. விழவில்லையென்றால், பந்தில் மாட்டியபடியே வளையத்தைக் குறடால் மிக மெதுவாக ஓர் அழுத்து. வளையத்தின் உட்புறத்தைச் சுரண்டிவிட அதற்கென்றே விற்கும் துருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டம் தெரிந்தால் வைத்தியம் இல்லை, புதிதுதான்.

பந்தின் திருகு உலோகத்தில் இறங்குகிறது என்றால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு திருகு தளராமல் பிடிக்கும் பசையான நீல திரெட்லாக் ஒரு சொட்டு போடுங்கள். அது காற்றுப் படாமல், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். பிளாஸ்டிக்கில் ஒழுங்காக இறுகாது, சில பிளாஸ்டிக்குகள் விரிசலும் விடும். வளையத்தின் பக்கம் அந்தக் குப்பியைக் கொண்டுபோகவே வேண்டாம்.