மறுபடி கேட்கத் தெரிய வேண்டும்: விமானிகளின் ஆங்கிலத் தேர்வு எப்படி வேலை செய்கிறது

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 சரக்கு விமானம், கோலாலம்பூரின் சுபாங் விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்கலாம் என்று சொல்ல நினைத்த, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர், “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்றார். விமானிகளின் காதில் அந்த ‘டூ’ இரண்டு என்ற எண்ணாக விழவில்லை. நம் ‘கு’ வேற்றுமை உருபுபோல ஆங்கிலத்தில் வரும் ‘டு’வாக விழுந்தது. 400 அடிக்கு இறங்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் சொன்னார்கள். அதில் ஓர் எண் குறைவதைக் கீழே இருந்தவர் கவனிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும் பயனில்லை. சுமார் 437 அடி உயரத்தில் ஒரு குன்றில் மோதி நான்கு பேர் இறந்தார்கள்.

விமானிகள் அமெரிக்க நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஆங்கிலம் தெரியாததால் நடந்த விபத்து என்று இதைச் சொல்ல முடியாது. ஆங்கிலம் தெரிவது வேறு, வானொலியில் ஆங்கிலத்தால் வேலை செய்வது வேறு.

என் அக்கா மகன் விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத் தேர்வுக்கென்று தடிமனான இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். “இதை முடிச்சா போதுமா மாமா?” என்று கேட்டான். அந்தப் புத்தகத்தில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று தெரியாமல் தயாராகிறானே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது இகாவோ, 2003-இல் மொழித் திறன் விதிகளைக் கொண்டுவந்தது. பன்னாட்டுப் பாதையில் பறக்கும் விமானிகளும், அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளர்களும் ஆறு நிலைகளில் குறைந்தது நான்காம் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். 2008 மார்ச்சில் கட்டாயமானது. பல நாடுகள் தயாராகாததால் 2011 வரை அவகாசம் நீண்டது. இந்தியாவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ தரும் உரிமத்திலும் இந்த நிலை குறிக்கப்படுகிறது.

இந்தத் தேர்வைப் புரிந்துகொள்ள, வானொலியில் இரண்டு ஆங்கிலங்கள் இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, வரையறுத்த தொடர்களால் ஆனது. ஒவ்வொரு சொல்லும் இரைச்சலைத் தாண்டி வருவதற்காகச் செதுக்கப்பட்டது. ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள், ஐந்தை ‘ஃபைஃப்’ என்பார்கள். ‘நைன்’, ‘ஃபைவ்’ இரண்டிலும் நடுவில் இருக்கும் உயிரொலி ஒன்றுதான். ஓரத்து மெய்கள் கரகரப்பில் தேய்ந்துவிட்டால் எது எதுவென்று தெரியாது. ஆம் என்பதற்கு ‘அஃபர்மேட்டிவ்’ என்று முழுதாகச் சொல்லாமல் ‘அஃபர்ம்’ என்று நிறுத்துகிறார்கள். முன்பாதி காதில் விழாமல் போனால் ‘...ட்டிவ்’ என்ற வால் மட்டும் மிஞ்சும். ‘நெகட்டிவ்’ என்பதற்கும் அதே வால்தானே.

இந்தச் செதுக்கலில் சில, உயிர்களைக் கொடுத்துக் கற்றவை. 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளின் டெனரீஃபில், மூடுபனி நேரத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் நிறுவன விமானத்தின் துணை விமானி, “வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்” என்றார். புறப்படும் இடத்தில் நிற்கிறோம் என்றும் அதைக் கேட்கலாம்; புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் கேட்கலாம். முதல் பொருளில் எடுத்துக்கொண்ட கட்டுப்பாட்டாளர் “ஓகே” என்று தொடங்கி, ஒரு கணம் நிறுத்தி, காத்திருங்கள் என்றார். அதே நேரத்தில், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று மற்ற விமானமான பான் ஆம் பேசியது. விமான வானொலி வீச்சுப் பண்பேற்றத்தில், அதாவது அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துப் பேச்சை அனுப்பும் ஏஎம் முறையில் இயங்குவது. ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு அலைகளும் கலந்து கீச்சென்று ஓர் ஒலிதான் வரும். கேஎல்எம் விமானிகளுக்கு ‘ஓகே’ தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு வந்தது கீச்சொலியோடு கலந்து போனது. இன்று ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதோ, அந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’.

சரி, எல்லாவற்றுக்கும் தொடர்கள் இருந்துவிட்டால் தேர்வு எதற்கு? மனப்பாடம் போதுமே? போதாது. இறங்கு, திரும்பு, காத்திரு என்பதற்கெல்லாம் தொடர் உண்டு. பின்வரிசையில் பயணிக்கு வலிப்பு வந்துவிட்டது, சமையல் அடுப்பிலிருந்து புகை வருகிறது, பறவை மோதி முன்கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது என்பதற்கெல்லாம் தொடர் கிடையாது. அங்கே இரண்டாவது ஆங்கிலம் தொடங்குகிறது. சாதாரண ஆங்கிலம்தான், ஆனால் பதற்றத்தில், முகம் தெரியாமல், சுருக்கமாகப் பேச வேண்டிய ஆங்கிலம். தேர்வு முக்கியமாக அளப்பது இதைத்தான்.

இந்த எல்லைக்கோட்டில் நடந்த விபத்து 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே நடந்தது. கொலம்பியாவிலிருந்து வந்த அவியாங்கா 52 விமானத்தை, மோசமான வானிலை காரணமாக மூன்று இடங்களில் மொத்தம் 77 நிமிடம் சுற்ற வைத்தார்கள். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. முதல் முறை தரையிறங்க முடியாமல் மேலே ஏறியபோது, நாம் அவசர நிலையில் இருக்கிறோம் என்று சொல் என்றார் தலைமை விமானி. துணை விமானி, திரும்ப வேண்டிய திசையைச் சொல்லிவிட்டு, கடைசியில் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சேர்த்தார். அதற்கு முன்பு ‘பிரையாரிட்டி’ என்ற சொல்லும் வந்திருந்தது. ‘எமர்ஜென்சி’ என்ற சொல் மட்டும் கடைசி வரை வரவேயில்லை. கட்டுப்பாட்டாளர்களை உடனே உலுக்கியிருக்கக்கூடியது அந்தச் சொல்தான். தலைமை விமானியோ, அது சொல்லப்பட்டுவிட்டது என்றே நம்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். சிக்கல் இலக்கணத்தில் இருக்கவில்லை.

இதனால்தான் தேர்வில் ஆறு திறன்களைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்: உச்சரிப்பு, வாக்கிய அமைப்பு, சொல்வளம், சரளம், கேட்டுப் புரிதல், உரையாடல். இவற்றின் சராசரி உங்கள் நிலை அல்ல. மிகக் குறைவாக வந்தது எதுவோ அதுவே உங்கள் நிலை. ஐந்து திறன்களில் ஐந்தாம் நிலை வாங்கிவிட்டு, கேட்டுப் புரிவதில் மூன்று என்றால், உங்களுக்கு மூன்றுதான். முதலில் படித்தபோது எனக்கே இது கடுமையாகத் தோன்றியது. ஆனால் யோசித்தால் நியாயம் புரிகிறது. சங்கிலி அறுவது பலவீனமான கண்ணியில்தான். நல்ல உச்சரிப்பு, தவறாகக் கேட்ட உயரத்தை ஈடுகட்டாது. ஆகவே தயாரிப்பில், ஏற்கெனவே நன்றாக வருவதை இன்னும் மெருகேற்றுவது வீண். பலவீனம் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

நம் ஊர் மாணவர்கள் பலருக்கு அது இலக்கணத்தில் இல்லை. காதில் இருக்கிறது.

தொலைபேசியில் பெயரின் முன்னெழுத்தைச் சொல்லிப் பாருங்கள். எஸ் என்றால் எதிரே இருப்பவர் எஃப்பா என்று கேட்பார். ‘ஸ்’ ஒலியின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. விமான வானொலி கடத்துவது ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரைதான். உயிரொலிகள் பிழைத்து வரும், உரசொலிகள் பாதி வழியில் செத்துவிடும். தாய்மொழி என்றால் விடுபட்டதை மூளை தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும். எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று அதற்கு அவ்வளவு பழக்கம். இரண்டாம் மொழியில் அந்த ஊகம் பலவீனம். அமைதியான அறையில் ஆங்கிலத்தை நன்றாகப் புரிந்துகொள்பவர்கூட இரைச்சலில் தடுமாறுவது இதனால்தான்.

அதோடு, குழந்தை ஒரு வயதை நெருங்கும்போதே காது தன் மொழிக்கென்று தன்னை வடிவமைத்துக்கொள்கிறது. தன் மொழியில் பொருளை மாற்றாத வேறுபாடுகளை அது மெல்ல ஒதுக்கத் தொடங்கும். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டையும் பிரிப்பதில் பெரும் பங்கு அழுத்தத்துக்குத்தான். கடைசி ‘ன்’ வானொலியில் எளிதில் கரைந்துவிடும். உயரத்தைச் சொல்லும்போது ‘ஒன் ஃபைஃப்’ என்று எண் எண்ணாகப் பிரித்துச் சொல்வதால் தப்பிக்கிறோம். ஆனால் காயமடைந்த பயணிகள் எத்தனை பேர் என்று சாதாரண ஆங்கிலத்தில் சொல்லும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. 15 பேருக்கும் 50 பேருக்கும் அனுப்ப வேண்டிய ஆம்புலன்ஸ்களின் எண்ணிக்கை ஒன்றா?

இந்தக் காதை மாற்ற முடியுமா என்றால், முடியும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், ஆங்கிலத்தின் ர, ல ஒலிகளைப் பிரித்தறிய முடியாமல் திணறிய ஜப்பானியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே குரலைக் கேட்கவைக்காமல், பலர் பல சொற்களில் பேசியதைக் கேட்கவைத்தார்கள். சில வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. பல குரல்களைக் கேட்கும்போதுதான் எது அந்த ஆளின் தனித்தன்மை, எது அந்த ஒலியின் அடையாளம் என்று காது பிரிக்கக் கற்றுக்கொள்கிறது. ஒரே ஆசிரியரின் குரலில் நூறு மணி நேரம் கேட்பதைவிட, அரபுக் குரல், பிரெஞ்சுக் குரல், சீனக் குரல், டெக்ஸாஸ் குரல் என்று மாற்றி மாற்றிக் கேட்பது நல்லது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். இகாவோவும் லண்டன் உச்சரிப்பைக் கேட்பதில்லை. நான்காம் நிலையில் தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம் என்றே விதியில் எழுதியிருக்கிறது; அது சில நேரங்களில் மட்டுமே புரிதலுக்குத் தடையாகலாம், அவ்வளவுதான். ‘ரைட்டு’, ‘லெஃப்டு’ என்று உகரம் ஒட்டிக்கொள்வதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

அடுத்து நினைவு. கேட்ட ஒலியை மனத்துக்குள் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் அழியாமல் வைத்திருக்கிறோம். அந்த வளையத்தில் ஏறத்தாழ இரண்டு விநாடிப் பேச்சுதான் தங்கும். ஒரே மூச்சில் திசை, உயரம், வேகம், அடுத்த அலைவரிசை என்று நான்கு விவரம் வந்தால் எவருக்கும் திணறும். இரண்டாம் மொழியில் இன்னும் சிரமம், ஏனென்றால் ஒலியைப் பிரித்தறிவதற்கே கவனத்தில் பாதி போய்விடுகிறது. இதற்கு நல்ல பயிற்சி, பதிவை ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டதைக் குறிப்பெடுத்து, வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது. தினமும் கால் மணி நேரம் போதும். மனத்துக்குள் சொன்னால் சரியாகச் சொன்னதுபோலவே தோன்றும். வாய்விட்டுச் சொன்னால்தான் ஓட்டை தெரியும்.

சொல்வளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான்காம் நிலைக்கு எல்லாச் சொல்லும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாத சொல்லைச் சுற்றி வந்து விளக்கத் தெரிய வேண்டும். ஆலங்கட்டிக்கு ஆங்கிலச் சொல் மறந்துவிட்டதா? பனிக்கட்டி உருண்டைகள் மழைபோல விழுந்து கண்ணாடியை அடிக்கின்றன என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் மதிப்பெண் உண்டு. மௌனமானால் கிடையாது. படம் ஒன்றைக் கையில் எடுத்து, அதிலிருக்கும் முக்கியமான சொல்லைப் பயன்படுத்தாமலே விவரிக்கும் விளையாட்டு இதற்கு நன்றாக உதவும். வீட்டில் இருவர் இருந்தால் போதும்.

அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது ஆறாவது திறனான உரையாடலை. தவறான புரிதல் நேர்ந்ததுபோலத் தெரிந்தால் சரிபார்த்தோ, உறுதிப்படுத்தியோ, விளக்கம் கேட்டோ சமாளிக்கத் தெரிய வேண்டும் என்பது நான்காம் நிலையின் வரையறையிலேயே இருக்கிறது. ‘சே அகெய்ன்’, அதாவது மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பது பலவீனத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. தேர்வாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் திறன்களில் அதுவும் ஒன்று. வகுப்பில் சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று வாய்மூடி வளர்ந்த நமக்கு இது எளிதாக வராது. புரியாமலே ‘ரோஜர்’ சொல்லிவிடுவோம். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்று பொருள். கேட்காததற்கு அதைச் சொல்வது பொய்.

1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டில்லியிலிருந்து கிளம்பிய சவூதி 747 விமானமும், இறங்க வந்துகொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கசகஸ்தான் விமானம், சவூதி விமானம் இருந்த 14,000 அடி வரை இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் டில்லியோடு ஆங்கிலத்தில் பேசியது வானொலி இயக்குநர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. எதிரே விமானம் வருகிறது என்ற செய்தியும் உயரமும் அவர் வழியாகத்தான் போயாக வேண்டும். புரிந்துகொள்வதையும் ஓட்டுவதையும் இரண்டு ஆட்களிடம் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தேர்வு விதிகளை எழுதியவர்கள் மறக்கவில்லை.

தேர்ச்சி பெற்றாலும் அது நிரந்தரமல்ல. நான்காம் நிலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஐந்தாம் நிலைக்கு ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுதேர்வு என்பது இகாவோவின் பரிந்துரை. ஆறாம் நிலைக்கு மறுதேர்வு இல்லை. பயன்படுத்தாத மொழி மங்கும் என்பதை ஏற்றுக்கொண்ட கணக்கு இது.

அக்கா மகன் இப்போது இலக்கணப் புத்தகத்தை மூடி வைக்கவில்லை, ஆனால் அதற்குமேல் ஒரு ஹெட்போன் இருக்கிறது. மாலையில் என்னோடு அரை மணி நேரம். நான் கட்டுப்பாட்டாளர், அவன் விமானி. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு உட்காருவோம், பக்கத்தில் மிக்சி ஓடும். வேண்டுமென்றே ஓர் எண்ணை முணுமுணுப்பாகச் சொல்வேன். முதல் வாரம் ஊகித்துப் பதில் சொன்னான். நேற்று, “சே அகெய்ன் ஆல்டிட்யூட்” என்று உடனே கேட்டான்.