கடைசி டியூ கட்டிய பிறகும் ஓ.டி. பாக்கியா?

மாங்காய் சீசன் முடிந்ததும் கிருஷ்ணகிரியில் என் அலுவலகத்துக்கு ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். மாங்கூழ் ஆலைக்கு லோடு அடித்தவருக்கு வாடகை தாமதமாக வரும், அவர் வண்டி டியூவும் தாமதமாகும். போன வாரம் வந்தவர் 2022-ல் மினி லாரிக்குக் கடன் வாங்கி, கடைசி டியூ வரை கட்டியவர். என்ஓசி (கடன் முடிந்தது, ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கேட்கப் போனால், பைனான்ஸ் நிறுவனத்தில் "ஓ.டி. 23,000 பாக்கி" என்றிருக்கிறார்கள். ஓ.டி. என்றால் ஓவர்டியூ, டியூ தாமதமானதற்குப் போடும் அபராதம். கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, ரசீதோடு வந்து "இது நியாயமா சார்?" என்கிறார். கட்டுவதற்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

தவணை தவறினால் கட்டணம் போடுவது நியாயம்தான். எவ்வளவு, எப்படி என்பதில்தான் அநியாயம் நடக்கிறது. தாமதக் கட்டணம் கடன் ஒழுங்குக்காகத்தான், வருமானம் பெருக்கும் வழியல்ல என்று ரிசர்வ் வங்கி 18.8.2023 சுற்றறிக்கையிலேயே சொல்லிவிட்டது. அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது. தனிக் கட்டணமாகத்தான் போட வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது. புதுக் கடன்களுக்கு 1.4.2024 முதல் இதுதான் விதி. பழைய கடன்களையும் 30.6.2024-க்குள் இதற்கு மாற்றியிருக்க வேண்டும். (தாமதமான நாட்களுக்கு ஒப்பந்தப்படியான சாதாரண வட்டி வாங்கத் தடையில்லை. கிரெடிட் கார்டுக்கு வேறு விதி.)

இவர் ஸ்டேட்மென்ட்டை விரித்துப் பார்த்தேன். 2024 ஜூலைக்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் பழைய ஓ.டி. தொகையைப் புதுப் பாக்கியோடு கூட்டி, அந்த மொத்தத்துக்கு மறுபடி ஓ.டி. போட்டிருக்கிறார்கள். போதாததற்கு அபராதத்துக்கு ஜிஎஸ்டி வேறு. அபராதக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2025 ஜனவரியிலேயே சுற்றறிக்கை வந்தாகிவிட்டது.

இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில்: "கையெழுத்துப் போட்டுட்டேனே சார்." கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் கடனைக் கட்டும் பொறுப்பு வரும், சரி. அதற்காக அவர்கள் எழுதியதெல்லாம் சட்டமாகிவிடாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவைப் பாருங்கள்: அபராதம் இவ்வளவு என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தாலும், அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ரிசர்வ் வங்கி தடுத்த ஒன்றை உங்கள் கையெழுத்தைக் காட்டி அனுமதிக்க வைக்க முடியாது. நாற்பது பக்கப் பத்திரத்தில் நீங்கள் எங்கே கையெழுத்துப் போட்டீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாது. பிறகு ஏன் அதற்கு இவ்வளவு பயம்?

வசூலுக்கு வருபவரிடம் பணம் கொடுத்தால் அன்றைய தேதி போட்ட ரசீது வாங்குங்கள். ஐந்தாம் தேதி கொடுத்த பணம் கணக்கில் எட்டாம் தேதி ஏறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். அபராதம் போட்டால் காரணத்தையும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி, அதைக் கேளுங்கள். வருமானம் வரும் தேதி வேறு என்றால் டியூ தேதியை மாற்றித் தரச் சொல்லி ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

கணக்கு தப்பாக இருந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி). செலவு இல்லை, வக்கீலும் வேண்டாம். 14448-ல் தமிழிலேயே விவரம் கேட்கலாம். தயவுசெய்து, அந்த ஓ.டி. தொகையைக் கட்டுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள்.