கதவு திறந்துதானே இருந்தது?

ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களோடும் குழந்தைகளோடும் பேசுவது என் வேலை. கவுன்சலர் என்பார்கள். பேசுவது என்பதைவிட, அவர்களுக்குப் பேசத் தோன்றும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்று சொன்னால் சரியாக இருக்கும். இத்தனை வருடங்களில் விசாரணைக்கு வந்தவர்கள், பெற்றோர், படித்த நண்பர்கள் என எல்லோரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கதவு திறந்துதானே இருந்தது? ஏன் ஓடி வரவில்லை?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மனதில் இருக்கும் படம் வேறு. பூட்டிய அறை, இரும்புச் சங்கிலி, வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போடும் முரடன். அப்படியும் நடக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் எதிரில் வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டு, நல்ல நாள் பார்த்துக் கிளம்பியவர்கள்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயது. வீட்டு வேலை என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் வேலை வேறு. எங்கள் காப்பகத்துக்கு வரும்போது அவள் கையில் இருந்தது ஒரு பையும், கோடு போட்ட ஒரு நோட்டும். நோட்டை யாரிடமும் தரமாட்டாள். தூங்கும்போது தலையணைக்கு அடியில் இருக்கும்.

மூன்றாவது வாரம் அவளே திறந்து காட்டினாள். இடப்பக்கம் கடன்: பயணச் செலவு, ஏஜென்ட் கமிஷன், தங்கிய அறைக்கு வாடகை, சோப்பு, காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரை, உடம்பு முடியாமல் ஒரு நாள் படுத்ததற்கு அபராதம். வலப்பக்கம் அவள் 'கழித்தது'. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மீதியைக் கூட்டி, இரண்டு கோடு இழுத்திருந்தாள். மீதி குறையவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஏறிக்கொண்டே போனது. எல்லாம் அவள் கையெழுத்து. எழுதச் சொன்னவர்கள் அவர்கள். ஆனால் ஒரு ரூபாய் தப்பில்லாமல் கணக்கு வைத்திருந்தவள் இவள். நோட்டை மூடிவிட்டு என்னிடம் கேட்டாள்: "மீதியை இங்கேருந்து எப்படி மேடம் அனுப்புறது?"

இப்போது சொல்லுங்கள், அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?

கடன் ஒரு பூட்டு. அதோடு பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள், 'பத்திரமாக இருக்கட்டும்' என்று. வீட்டு வேலை செய்பவர்கள் தங்கள் பயண ஆவணங்களைத் தங்களிடமே வைத்திருக்க உரிமை உண்டு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கை தெளிவாகவே சொல்கிறது. அதைச் சொன்னால் பல பெண்கள் என்னை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். அப்புறம் மிரட்டல்: "உன் தங்கச்சி எந்த ஸ்கூல்ல படிக்கிறான்னு எங்களுக்குத் தெரியும்." கையில் இருக்கும் போட்டோ, வீடியோ. எல்லாவற்றுக்கும் மேலே வெட்கம். ஊருக்குப் போய் என்னவென்று சொல்வது?

பூட்டு கண்ணுக்கே தெரியாததாகவும் இருக்கலாம். நைஜீரியாவின் எடோ மாநிலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஏராளமான பெண்களைக் கட்டிப்போட்டது ஒரு சத்தியம். கிளம்பும் முன் பூசாரியின் எதிரில் 'கடனை அடைப்பேன், யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுத்திருப்பார்கள். மீறினால் குடும்பத்தில் சாவு விழும் என்ற பயம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலும் அவர்களை விடவில்லை. 2018 மார்ச்சில், அதே எடோ மாநிலத்தில் இருக்கும் பழைய பெனின் ராஜ்ஜியத்தின் பாரம்பரிய அரசர் (பெனின் என்ற நாடு வேறு), ஓபா இரண்டாம் எவுவாரே, அந்தச் சத்தியங்கள் இனிச் செல்லாது என்று பகிரங்கமாக அறிவித்தார். பூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு சாவியைத் தேடினார்கள். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த செய்திகளில் அதுவும் ஒன்று.

"அவள் சம்மதித்துத்தானே போனாள்?" என்பது அடுத்த கேள்வி. சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. ஐக்கிய நாடுகள் சபை 2000-இல் ஏற்றுக்கொண்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த பலேர்மோ நெறிமுறை, ஆள்கடத்தலை மூன்று துண்டாகப் பார்க்கிறது. என்ன செய்தார்கள்: ஆள் சேர்த்தார்களா, கொண்டுபோனார்களா, தங்க வைத்தார்களா. எப்படிச் செய்தார்கள்: பலவந்தமா, ஏமாற்றா, இல்லாமையைப் பயன்படுத்திக்கொண்டார்களா. எதற்காக: சுரண்டுவதற்கா. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கிய சம்மதம் கணக்கிலேயே வராது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் 'எப்படி' என்ற துண்டே தேவையில்லை. குழந்தையைச் சுரண்டுவதற்காகக் கொண்டுபோனாலே போதும், அது கடத்தல். குழந்தை சிரித்துக்கொண்டே போயிருந்தாலும் சரி, பெற்றோரே அனுப்பியிருந்தாலும் சரி. எல்லை தாண்டவேண்டும் என்றும் இல்லை. பக்கத்து ஊரே போதும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கூட்டாளிகளும் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2021-இல் ஏதாவது ஒரு நாளை எடுத்துக்கொண்டால், 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அதில் பெண்களும் சிறுமிகளும் 1 கோடியே 18 லட்சம். குழந்தைகள் மட்டும் 33 லட்சம், அவர்களில் பாதிக்கு மேல் பாலியல் தொழிலில். கட்டாய உழைப்பும் ஆள்கடத்தலும் அச்சாக ஒன்றல்ல. ஆனாலும் விஷயம் எவ்வளவு பெரிது என்பதற்கு இந்த எண்கள் போதும்.

நம் பெண் என்னை வெகு நாள் 'மேடம்' என்றுதான் கூப்பிட்டாள். காப்பகத்தில் மற்ற எல்லோருக்கும் நான் அக்கா. காரணம் பிறகுதான் தெரிந்தது. அவளை அழைத்துப்போனவளும் அக்காதான். தூரத்துச் சொந்தம். நோயில் கிடந்த அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவள். அந்த அக்காவும் முன்பு அதே இடத்தில் மாட்டிக்கொண்டவள், 'இரண்டு பேரைக் கொண்டுவந்தால் உன் கடனைக் குறைக்கிறோம்' என்று சொல்லப்பட்டவள் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. இந்த மாதிரி இடத்தில் யாரைக் குற்றவாளி என்பது, யாரைப் பாதிக்கப்பட்டவர் என்பது? வற்புறுத்தலால் செய்த தவறுக்குப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்காமல் விட வழி இருக்கவேண்டும் என்று ஐரோப்பிய கவுன்சிலின் 2005 உடன்படிக்கை சொல்கிறது. அந்த அக்காவுக்கு அது பொருந்துமா என்று எனக்கு இரண்டு மனது. நம் பெண்ணுக்கு ஒரே மனதுதான். மன்னிக்கமாட்டாள்.

சின்னக் குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் இப்போது வலை விழுவது போனில். முதலில் நண்பன், பிறகு காதலன். மாதக்கணக்கில் பொறுமையாகக் காதுகொடுத்துக் கேட்பான், வீட்டில் யாரும் கேட்காததை எல்லாம். அதில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு படி உண்டு: முதல் ரகசியம் எப்போதும் ஒன்றுமில்லாத ரகசியமாக இருக்கும். "நாம பேசினதை அம்மாகிட்ட சொல்லாதே." அவ்வளவுதான். அது தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட்டோ கேட்பான். போட்டோ போன பிறகு காதலன் முதலாளி ஆகிவிடுவான். "ஏம்மா வீட்ல சொல்லலை?" என்று கேட்டால் பிள்ளைகள் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றே: "போனைப் பிடுங்கிடுவாங்க." பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எது நடந்தாலும் சொன்னதற்காகப் போன் பறிபோகாது என்று இன்றைக்கே வாக்குக் கொடுங்கள், காப்பாற்றவும் செய்யுங்கள்.

சங்கிலி கட்டிய கைகளைப் போட்ட போஸ்டர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அப்படி ஒரு போஸ்டருக்கு அடியில் நின்று பஸ் ஏறியதாக ஒரு பெண் சொன்னாள். "அது யாரோ பாவம்னு நினைச்சேன். என் கையில சங்கிலி இல்லையே."

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பதிலைக் கேட்கமாட்டார், பதில் யாரிடமிருந்து வருகிறது என்று பார்ப்பார். "எங்கே வலிக்கிறது?" என்று பெண்ணைக் கேட்டால் கூட வந்தவர் பதில் சொல்கிறார். பெயரைக் கேட்டால் பெண் முதலில் அவர் முகத்தைப் பார்க்கிறாள். தங்கியிருக்கும் இடத்தின் முகவரி தெரியவில்லை, போன் அவரிடம், அடையாள அட்டை அவரிடம். உடனே முடிவுக்கு வந்துவிடமாட்டார், பயந்த சுபாவமாகவும் இருக்கலாம். "எக்ஸ்ரே அறைக்குள்ளே நோயாளி மட்டும்தான் வரலாம்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பெண்ணைத் தனியே அழைத்துப்போவார். கதவைச் சாத்தியதும் ஒரே கேள்வி: "நீ நினைச்சா இப்போ அந்த இடத்தை விட்டுப் போக முடியுமாம்மா?" பதில் வராவிட்டாலும் அவசரப்படுத்தமாட்டார். கூட வந்தவரிடம் சண்டைக்குப் போகவேமாட்டார். நீங்களும் போகாதீர்கள். நீங்கள் கத்திவிட்டு வந்துவிடுவீர்கள், அன்று இரவு அடி அவளுக்கு விழும். பார்த்ததை, நேரத்தை, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் நாட்டின் உதவி எண்ணுக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள்.

வேலைக்கு வெளியே போகிறவர்களுக்குச் சுருக்கமாக: ஒப்பந்தம் உங்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள். எல்லாத் தாள்களின் நகலும் வீட்டில் இருக்கட்டும். பேச முடியாத நிலையில் சொல்வதற்கு வீட்டாரோடு ஒரு வார்த்தையை முடிவு செய்துகொள்ளுங்கள், வழக்கமாகப் பேச்சில் வராத வார்த்தையாக.

திரும்பி வந்தவளிடம் 'ஏன் ஓடிவரவில்லை' என்று கேட்பதற்குப் பதிலாக நான் என்ன கேட்பேன் என்று கேட்கிறார்கள். முதல் நாள் ஒன்றும் கேட்கமாட்டேன். விளக்கை அணைக்கட்டுமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பேன். அதை முடிவு செய்யவே சிலருக்கு வெகு நேரம் ஆகும்.

அந்த நோட்டு இப்போது நீதிமன்றத்தில் சான்றாக இருக்கிறது. வழக்கு முடிந்ததும் திருப்பித் தருவார்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள். எதற்கு என்று நான் இன்னும் கேட்கவில்லை.