ஒமாஹா கடற்கரையும் 45 டிகிரி ஷட்டரும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'சேவிங் பிரைவேட் ரயன்' 1998-இல் வெளிவந்தது. 1944 ஜூன் 6 அன்று அமெரிக்கப் படையினர் நார்மண்டியின் ஒமாஹா கடற்கரையில் இறங்கியதைக் காட்டும் அதன் சண்டைக்காட்சியைப் பார்த்தவர்கள், அங்கேயே மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது என்கிறார்கள். ரத்தமும் சிதறிய உடல்களும் வேறு பல படங்களிலும் உண்டு. இந்தக் காட்சி மட்டும் இப்படி உலுக்குவதற்குப் பெரிய காரணம், கேமராவுக்குள் சுழலும் ஒரு தகடு.

ஃபிலிம் கேமராவின் ஷட்டர் ஒரு வட்டத் தகடு. அதில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். நொடிக்கு 24 சுற்று. வெட்டிய பகுதி வரும்போது ஒளி ஃபிலிமில் விழும். மீதிப் பகுதி மறைத்திருக்கும் நேரத்தில் ஒரு கொக்கி ஃபிலிமைக் கீழே இழுத்து அடுத்த ஃபிரேமை நிறுத்தும். திறப்பின் கோணத்தை 360-ஆல் வகுத்து, விடையை 24-ஆல் வகுத்தால் எக்ஸ்போஷர் நேரம், அதாவது ஒரு ஃபிரேமில் ஒளி விழும் நேரம், கிடைக்கும். வழக்கமான 180 டிகிரிக்கு அது 1/48 நொடி. ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி இந்தச் சண்டைக்குப் பெரும்பாலும் 45, 90 டிகிரிகளைப் பயன்படுத்தினார். 45 டிகிரி என்றால் 1/192 நொடி.

குண்டு வெடித்து ஒரு மண்கட்டி நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேமிலிருந்து அடுத்ததற்குள் அது 42 செ.மீ. நகர்ந்துவிடும். 180 டிகிரியில் அதில் 21 செ.மீ. நீளத்துக்கு ஒரு தீற்றலாகப் பதியும். அந்தத் தீற்றல்களைக் கண் இணைத்து ஒரே ஓட்டமாகப் பார்த்துக்கொள்ளும். 45 டிகிரியில் தீற்றல் வெறும் 5 செ.மீ. ஏறக்குறைய உறைந்த ஒரு கட்டி, பிறகு 37 செ.மீ. வெற்றிடம், மறுபடி ஒரு கட்டி. மணல் தெறிப்பதை நாம் பொடிப்பொடியாகப் பார்ப்பதும், ஓடும் வீரன் விட்டுவிட்டுத் தாவுவதும் இதனால்தான். நம் கண் அன்றாடம் இப்படிப் பார்ப்பதில்லை. அசைவை முன்கூட்டி ஊகிக்க முடியாத அந்தத் தவிப்பைத்தான் பார்வையாளர்கள் 'நிஜம்' என்று பாராட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு.

இதைப் பழைய செய்திப்படப் பாணி என்று சொல்வது பாதிதான் சரி. அந்தக் காலத்தில் போர்க்களத்துக்குத் தூக்கிச்சென்ற கைக்கேமராக்களின் ஷட்டர் திறப்பு அரைவட்டத்தை ஒட்டியே இருந்தது. 1940-களின் சாயல் உண்மையில் லென்ஸிலிருந்து வருகிறது. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகள் உள்ள லென்ஸில் மூன்றில் ஒரு பங்கு ஒளி இப்படிச் சிதறி, அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து நிழல்களின் மேல் வெண்திரையாகப் படியும். நவீனப் பூச்சு இந்தப் பிரதிபலிப்பை அரை சதவீதம் அளவுக்குக் குறைத்துவிடும். காமின்ஸ்கி அந்தப் பூச்சையே சுரண்டி எடுக்கச் செய்தார். வானம் கசிந்து பரவுவது, நிறம் வெளிறுவது, ஓரங்கள் மென்மையாவது எல்லாம் அதன் விளைவு.

அத்துடன் சில கேமராக்களில் ஷட்டரின் ஒத்திசைவைக் கலைத்துவிட்டார்கள். ஷட்டர் முழுதாக மூடுமுன்பே ஃபிலிம் நகரத் தொடங்கினால், பளிச்சிடும் புள்ளிகள் செங்குத்தாக இழுபடும். வழக்கமாகக் கேமராவைப் பழுதுபார்க்க அனுப்பவேண்டிய கோளாறு அது!

நிறத்தின் மீதிக் கதை ரசாயனக்கூடத்தில். கலர் ஃபிலிமை டெவலப் செய்யும்போது சாயத்தோடு உலோக வெள்ளியும் உருவாகும். பிளீச்சும் ஃபிக்ஸரும் வெள்ளியை நீக்கிவிடும். இந்தப் படத்துக்குப் பயன்படுத்திய, டெக்னிகலர் ஃபிலிம் ஆய்வகத்தின் ஈ.என்.ஆர். முறையில், பிளீச்சுக்குப் பிறகு ஒரு கறுப்பு-வெள்ளை டெவலப்பர் தொட்டியில் பிரிண்டை ஓட்டி, வெள்ளியில் ஒரு பங்கைத் தங்கவிடுவார்கள். கலர் படத்தின் மேல் மெல்லிய கறுப்பு-வெள்ளைப் படம் ஒட்டியதுபோல் ஆகும்: கறுப்பு அடர்ந்து, நிறம் வடியும். டெவலப்பரின் செறிவை மாற்றி, எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கலாம்.

இன்றைய டிஜிட்டல் கேமராவில் இதை முயல்பவர்கள் 24 ஃபிரேமில் ஷட்டரை 1/200 என்று வைத்தால் போதும். சிக்கல்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 180 டிகிரியோடு ஒப்பிட்டால் ஒளி நான்கில் ஒரு பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் இழப்பு (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்). லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரைத் திறக்கவேண்டும் அல்லது ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை நான்கு மடங்காக்கவேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/200 நொடிக்குள் ஒரு துடிப்பின் பாதிதான் அடங்கும். எந்தப் பாதி என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் படம் மினுக்கும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லை இல்லை. துப்பாக்கி வாயில் தெறிக்கும் தீயோ சில மில்லிநொடிதான் இருக்கும். 42 மில்லிநொடியில் 5 மட்டுமே ஷட்டர் திறந்திருந்தால், பல வெடிகளின் தீ பதியாமலே போகும். வரிவரியாகப் பதியும் சென்சாரில் பாதி ஃபிரேம் மட்டும் ஒளிரவும் கூடும்.

இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. சும்மா நடந்துபோகும் ஆளை 45 டிகிரியில் எடுத்தால் படம் வெட்டிவெட்டி ஓடும், அவ்வளவுதான். இந்த ஷட்டருக்கு உறையவைக்க ஏதாவது வேண்டும். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் எடுத்த அந்தக் காட்சியில் ஈர மணலும் கடல்நீரும் புகையும் ஓயாமல் ஃபிரேமைக் குறுக்கிட்டுப் பறந்துகொண்டே இருக்கின்றன.