உங்கள் லாரி இன்றைக்கு எவ்வளவு உயரம்?

வாகனக் காப்பீட்டு சர்வேயர் என்பதால் அடிபட்ட வண்டிகளோடுதான் என் பிழைப்பு. பாலத்தில் இடித்த லாரியை ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். பம்பர், ஹெட்லைட், கண்ணாடி எல்லாம் முழுசாக இருக்கும். கேபினுக்கு மேலே மட்டும் கன்டெய்னரின் நெற்றி உள்வாங்கி, கூரைத் தகடு பின்பக்கமாகச் சுருண்டிருக்கும். குனிந்து பார்த்தால் கன்டெய்னரை டிரெய்லரோடு பூட்டும் லாக்குகள் நெளிந்திருக்கும்.

வண்டி என்ன உயரம் என்று டிரைவரிடம் கேட்பேன். "எப்பவும் போற ரூட்டுதான் சார்" என்பார். பொய் இல்லை. அதே ரூட், அதே பாலம்தான். ஆனால் அன்றைக்கு வண்டியின் உயரம் மாறியிருக்கும், இல்லையென்றால் ரோட்டின் உயரம் மாறியிருக்கும். டயர் காற்றையும் டீசலையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் ஆளுக்கு, அன்றைய உயரம் மட்டும் தெரிந்திருக்காது.

கன்டெய்னரையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கன்டெய்னர் எட்டரை அடி, அதாவது 2.59 மீட்டர். ஹை கியூப் என்னும் உயரக் கன்டெய்னர் ஒன்பதரை அடி, 2.90 மீட்டர். நீளம், அகலம் இரண்டிலும் வித்தியாசம் கிடையாது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்று வைத்தால், நேற்று 4.1 மீட்டரில் போன வண்டி இன்று 4.4 மீட்டர். யார்டை விட்டுக் கிளம்பும் முன் கதவுப் பக்கம் போய்ப் பாருங்கள். 40 அடிப் பெட்டியில் 42ஜி1 என்று இருந்தால் சாதாரணம். 45ஜி1 என்று இருந்தால் ஹை கியூப். ஹை கியூபுக்கு மேல் விளிம்பில் மஞ்சள்-கறுப்புப் பட்டையும் அடித்திருப்பார்கள்.

சரி, பெட்டியும் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. அப்போதும் இடிக்குமா? இடிக்கும். போகும்போது லோடோடு நுழைந்து வந்த பாலத்தில், திரும்பும்போது காலி வண்டி மாட்டும். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்து பாடி சில அங்குலம் எழும்பிவிடும். விளிம்புக் கணக்கில் ஓட்டுபவருக்கு அந்தச் சில அங்குலம் போதும்.

வைக்கோல் லாரியில் சிக்கல் வேறு மாதிரி. எடை குறைவு என்பதால் ஏற்ற ஏற்ற இடம் இருப்பதுபோலவே தோன்றும். கன்டெய்னர் ஏற்றாத சரக்கு லாரிக்கு முன்பு 3.8 மீட்டராக இருந்த உயர வரம்பை 2020-இல் 4 மீட்டராக உயர்த்தினார்கள். அறுவடை முடிந்து டெல்டாவிலிருந்து வரும் வைக்கோல் வண்டிகளில் எத்தனை இதற்குள் அடங்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். வரம்பைத் தாண்டி உயரமாக ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

அடுத்தது ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் ஒவ்வொரு தடவையும் பாலத்துக்கும் தரைக்கும் இடைவெளி குறையும். மேலே மாட்டிய போர்டில் பழைய எண்ணே இருக்கும். சுரண்டி எடுத்த பிறகுதான் புதுத் தார் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் உத்தரவிட்டது. அதற்கு முன் போட்ட அடுக்குகள் எங்கே போகும்?

நம் ஊர் சப்வேக்களில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சரிந்து இறங்கி, அடியில் தட்டையாகி, மறுபக்கம் ஏறும் அமைப்பு. நீள டிரெய்லரின் முன் சக்கரம் ஏற்றத்தைப் பிடித்த பிறகும் பின் சக்கரம் இறக்கத்தில்தான் இருக்கும். நடுவில் பள்ளத்துக்கு மேல் வண்டி பாலம் போல நிற்கும். அந்த நேரத்தில் தரையிலிருந்து அதன் உயரம் டேப்பில் அளந்ததைவிட நாலைந்து அங்குலம்கூடக் கூடலாம். தலை நுழைந்துவிட்டது என்று நிம்மதியாகும்போது நடுப்பகுதி மாட்டுவது இப்படித்தான்.

வளைவான பாலம் என்றால் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. 2013 மே 23 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றுப் பாலம் விழுந்தது இதனால்தான். உயரமான லோடு வலது ஓரமாக வந்து, மேலே வளைந்திருந்த இரும்புச் சட்டங்களில் வரிசையாக இடித்தது. லாரி தாண்டிப் போய்விட்டது. பின்னால் வந்த வண்டிகள் பாலத்தோடு ஆற்றில் விழுந்தன. மூன்று பேரை உயிரோடு மீட்டார்கள். இடது பக்கமாக வந்திருந்தால் அந்த லோடு தப்பியிருக்கும். உயரம் பார்ப்பதற்கென்றே கம்பு கட்டி முன்னால் போன வண்டியின் டிரைவர் அந்த நேரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார் என்பது விசாரணையில் வந்தது. மேப்பை நம்பிப் பயனில்லை. நாம் போனில் பார்க்கும் மேப் வண்டியின் உயரத்தைக் கேட்பதே இல்லை.

ரயில்வே கேட்டுக்கு முன்னால் குறுக்கே நிற்கும் ஹைட் கேஜை, அதாவது உயரத் தடுப்புச் சட்டத்தை, திட்டாத டிரைவர் இல்லை. அதன் உயரம் 4.67 மீட்டர். கேட்டில் மின்கம்பி குறைந்தது 5.5 மீட்டரில் இருக்கும், அதில் ஓடுவது 25,000 வோல்ட். தெருவில் கிளீனர் லோடு மேல் ஏறி, கவைக்கம்பால் கேபிள் ஒயரைத் தூக்கிவிட்டு வண்டியை அனுப்புவார். அந்தப் பழக்கத்தை ரயில்வே கேட்டில் காட்டவே கூடாது. இந்தக் கம்பியை யாரும் தொட வேண்டியதில்லை. கிட்டே போனாலே இழுத்துவிடும். இரண்டு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது ரயில்வேயின் கணக்கு.

நான் சொல்வது ஐந்து நிமிட வேலை. தார்ப்பாய் கட்டி முடித்ததும் சமதரையில் நிறுத்தி, லோடின் உச்சியில் ஒரு நேர்க்கம்பைப் படுக்கையாக நீட்டிப் பிடித்து, அங்கிருந்து தரைவரை டேப்பால் அளக்க வேண்டும். அந்த எண்ணை சாக்பீஸால் டேஷ்போர்டில் எழுதுங்கள். இறக்கிய பிறகு மறுபடி அளந்து மாற்றி எழுதுங்கள். பிரிட்டனில் 3 மீட்டரைத் தாண்டும் லாரிக்குக் கேபினுக்குள் இப்படி எழுதி வைப்பது சட்டம். அங்கேயும் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு மேல் லாரிகள் ரயில் பாலங்களில் இடிக்கின்றன என்பது வேறு விஷயம்; எழுதினால் போதாது, போர்டு வரும்போது அதைப் பார்க்கவும் வேண்டும்.

ஓனர்களுக்கு ஒன்று. அடுத்தவர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு லாரி பாலிசியில் வழக்கமான வரம்பு 7.5 லட்சம்தான். அதற்கு மேல் போனால் உங்கள் பாக்கெட். உயர வரம்பை மீறிய லோடு என்றால் உங்கள் வண்டியின் கிளெய்மிலேயே முதலில் கேள்வி எழும்.

ரயில் பாலத்தில் மாட்டிவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதித்து உருவப் பார்க்காதீர்கள். பாலத்தைத் தாங்கும் கர்டர் கொஞ்சம் நகர்ந்தாலும் மேலே தண்டவாளம் நெளியும், அடுத்த ரயில் எப்போது என்று உங்களுக்குத் தெரியாது. டயர் காற்றைப் பிடுங்கி இறக்குவதெல்லாம் ரயில்வே ஆள் வந்து பாலத்தைப் பார்த்த பிறகு. இடித்த வேகத்தில் தாண்டி வந்துவிட்டாலும் நிறுத்தி, 112-க்கும் ரயில்வேயின் 139-க்கும் சொல்லுங்கள். பாலத்தின் சுவரில் பெயின்டால் எழுதியிருக்கும் பால எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் அந்த ஊரில் நாலு சப்வே இருக்கலாம்.