பணமிருந்தும் பூட்டப்படும் அரசு: அமெரிக்க ஆட்சிமுறையின் உள்கட்டமைப்பு

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 இரவு வரை, 43 நாட்கள், அமெரிக்க மைய அரசின் பெரும்பகுதி முடங்கிக் கிடந்தது. போர் மூளவில்லை, கருவூலம் காலியாகிவிடவும் இல்லை. அந்தப் பணத்தை எடுத்துச் செலவிட அனுமதிக்கும் சட்டம் மட்டுமே இல்லாமற்போயிற்று. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமில்லாத விடுப்பில் வீட்டிலிருக்க, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களோ சம்பளமில்லாமலே வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்தின் அரசுக்கு இப்படி ஒரு நிலை எவ்வாறு நேர்கிறது என்று பார்த்தால், அந்த அரசு கட்டப்பட்டிருக்கும் விதமே புலப்பட்டுவிடும்.

1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம், சட்டத்தின் வழியாக ஒதுக்கப்பட்டாலன்றிக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்று விதிக்கிறது. சட்டம் இயற்றும் அவை காங்கிரஸ். (நம் வாசகர்களுக்கு இந்தப் பெயர் ஒரு கட்சியை நினைவூட்டினால் அது அமெரிக்கர்களின் குற்றமன்று.) அதில் இரண்டு சபைகள் உண்டு. மக்கள்தொகைக்கேற்பப் பகிரப்பட்ட 435 இடங்களைக் கொண்ட பிரதிநிதிகள் சபை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதுமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மாநிலத்துக்கு இருவர் என 100 பேர் கொண்ட செனட்டின் உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். நான்கு ஆண்டுப் பதவிக்காலம் கொண்ட அதிபர் இவற்றில் எதிலும் உறுப்பினரல்லர். நம் அமைச்சர்களுக்கு ஒப்பான அவருடைய துறைச் செயலர்களும் பதவியிலிருந்துகொண்டே எந்தச் சபையிலும் உறுப்பினராக இருக்க முடியாது.

இந்தப் பிரிப்பில்தான் முடக்கத்தின் வேர் இருக்கிறது. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடாளுமன்ற முறை நாடுகளில் பெரும்பான்மை பெற்றவர்களே ஆட்சி அமைப்பதால், நிதி மசோதா தோற்றால் ஆட்சி கவிழும். வேறொருவர் வருவார், இல்லையேல் தேர்தல் வரும். அமெரிக்காவில் கவிழ்வதற்கு எதுவும் இல்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற ஒன்றே அங்கு கிடையாது. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அதிபரைப் பதவிநீக்கும் வழி கடுங்குற்றங்களுக்கானது, அதுவும் இதுவரை ஒருமுறைகூட வெற்றி பெற்றதில்லை. எனவே தனித்தனியே மக்களிடம் வாக்கு வாங்கி வந்த இரு தரப்பினர் மோதிக்கொண்டால், எவரும் பதவி இழப்பதில்லை. பணம் மட்டும் நின்றுவிடுகிறது. 1995-96 குளிர்காலத்தில் குடியரசுக் கட்சியின் பிடியிலிருந்த காங்கிரசும் ஜனநாயகக் கட்சி அதிபர் கிளிண்டனும் மோதியபோது ஒரு முடக்கம் 21 நாட்கள் நீடித்தது.

ஆனால் 2025இல் அதிபர் பதவியும் இரு சபைகளும் குடியரசுக் கட்சியிடமே இருந்தன. பின் ஏன் முடக்கம்? காரணம் செனட்டின் நடைமுறை விதி. அங்கே பெரும்பாலான மசோதாக்களில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் சம்மதிக்க வேண்டும். குடியரசுக் கட்சிக்கு இருந்தவர்களோ 53 பேர். இந்த 60 என்ற எண் அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. விவாதத்தை முடித்துவைக்கும் விதியே 1917இல்தான் மூன்றில் இரண்டு பங்கு என்ற அளவில் வந்தது. 1975இல் அது 60ஆகக் குறைக்கப்பட்டது. சபை தானே வகுத்துக்கொண்ட ஒரு வழக்கம், அரசமைப்பு வகுத்த எந்தத் தடைக்கும் குறையாத வலிமையோடு நிற்கிறது. பத்துக்கும் மேற்பட்ட முறை வாக்கெடுப்புத் தோற்று, எதிர்த்தரப்பிலிருந்து சிலர் இசைந்த பிறகே மசோதா 60-40 என்று நிறைவேறியது.

முடக்கமும்கூட ஒரு விளக்கத்தால் பிறந்ததே. 1970களில் நிதி ஒதுக்கீடு தாமதமான போதெல்லாம், எப்படியும் பணம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் அலுவலகங்கள் பெரும்பாலும் வழக்கம்போல இயங்கின. 1980 ஏப்ரலில் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, ஒதுக்கீடு இல்லாமல் செலவிடுவதைத் தடுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படித்து, பணம் ஒதுக்கப்படாத துறை வேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கருத்துரைத்தார். அடுத்த மாதமே வணிகத்தை மேற்பார்வையிடும் ஓர் ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. 1981 ஜனவரியில் அவரே, மனித உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் தொடரலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவைத்தார். விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமின்றி வேலைக்கு வருவது இந்த வாசல் வழியாகத்தான். முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் புதிய ஒதுக்கீடு தேவையில்லை. அஞ்சல் துறை தன் வருவாயில் ஓடுகிறது. ஆகவே அவை நிற்பதில்லை. காங்கிரஸ் உறுப்பினர்களின் சம்பளமும் நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்தே வருகிறது. ஆத்திரமூட்டும் ஏற்பாடு, ஆனால் சட்டப்படி சரியானது.

நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குவதற்குள் பன்னிரண்டு ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். கடைசியாக அவ்வளவும் உரிய நேரத்தில் முடிந்தது 1997ஆம் நிதியாண்டுக்குத்தான். மற்ற ஆண்டுகளில் பழைய அளவிலேயே சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ பணத்தை நீட்டிக்கும் இடைக்காலச் சட்டமே கைகொடுக்கிறது. 43 நாள் முடக்கத்தை முடித்துவைத்ததும் பெருமளவில் அத்தகைய சட்டம்தான்: வேளாண்மை உள்ளிட்ட சில துறைகளுக்கு மட்டும் முழு ஆண்டுக்கும் பணம் கிடைத்தது, மற்றவற்றுக்கு 2026 ஜனவரி 30 வரை மட்டுமே.