வாசலுக்கு வெளியே இருப்பதும் உங்கள் தலையில்தான்

"நடைபாதை மாநகராட்சியுடையது, எனக்கென்ன?" நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வீடு வாங்கிய நம்மவர்களிடம் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. வீட்டுக் காப்பீட்டு முகவர் நான். சென்ற வாரமும் ஒருவர் வக்கீல் நோட்டீஸோடு வந்தார். அவர் வீட்டு முன்னால் தூக்கிக்கொண்டிருந்த சிமென்ட் பாளம் தடுக்கி ஒரு மூதாட்டி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாராம்.

நடைபாதையைப் பழுது பார்ப்பது அதை ஒட்டியுள்ள மனையின் உரிமையாளர் வேலை. 2003 செப்டம்பர் 14 முதல், பழுதால் யாராவது விழுந்தால் வரும் வழக்கும் அவருக்கே.

உடனே ஒரு பதில் வரும்: "மூன்று குடும்பம் வரையுள்ள வீட்டுக்கு விலக்கு உண்டே!" உண்டு. ஆனால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வீடு குடியிருப்பாக மட்டுமே பயன்பட வேண்டும். கீழ்த்தளத்தில் ஒரு முடிதிருத்தகம் வைத்தால் விலக்கு போயிற்று. எல்லாத் தளங்களையும் வாடகைக்கு விட்டுவிட்டு நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தாலும் போயிற்று. வந்தவர் இந்த இரண்டாம் ரகம். இடம் மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்திடமும் சொல்லவில்லை. அது தனித் தலைவலி.

இன்னொன்றையும் மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். விலக்கு வழக்குக்குத்தான், பழுதுபார்ப்புக்கு இல்லை. வீட்டிலேயே குடியிருப்பவருக்கும் மாநகராட்சியின் நோட்டீஸ் வரும். 75 நாளில் சரிசெய்யாவிட்டால் மாநகராட்சியே செய்து உங்களுக்குப் பில் அனுப்பலாம்.

ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். இரண்டு பாளங்களுக்கு இடையே அரை அங்குல ஏற்ற இறக்கம் இருந்தாலே அது பழுது. விரிசலில் ஒரு கரண்டி சிமென்டை அப்பிவிட்டு வராதீர்கள். பாளத்தை முழுதாக மாற்ற வேண்டும், அதற்குப் போக்குவரத்துத் துறையின் பெர்மிட் வேண்டும். அரைகுறையாகப் பூசி நீங்களே ஒரு மேட்டை உண்டாக்கினால், அந்த விலக்கும் உங்களைக் காப்பாற்றாது. கார் ஏறும் இடத்தில் கான்கிரீட் 7 அங்குலம் இருக்க வேண்டும். மற்ற இடத்துக்குரிய 4 அங்குலத்தையே அங்கும் போட்டுவிட்டுப் போகும் ஒப்பந்ததாரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தெருமரத்தின் வேர் தூக்கியிருந்தால் கோடரியைத் தொடாதீர்கள். மாநகராட்சியின் உதவி எண்ணான 311-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள்; சிறு வீடுகளுக்கு மாநகராட்சியே சரிசெய்து தரும் திட்டம் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் மட்டும் தயவுசெய்து இன்றே உங்கள் முகவரை அழைத்து, அந்த வீட்டில் இப்போது நீங்கள் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பிரீமியம் ஏறும். ஏறட்டும்.